பின் டோர் எழுத்தைச் சுரண்டுவதற்கு முன்னால்...

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் ஒரு பழைய பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வளைவுக்கு மேல் வளைவு. முந்திப் போக இடம் கிடையாது. முன்னால் போகிற வண்டி மூட்டைகளோடு முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். செல்போனில் சிக்னல் வரும், போகும். அந்த நேரத்தில் படிக்கக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். வண்டியின் பின் டோர்!

நடுவில் மஞ்சள் எனாமலில் வளைத்து எழுதிய "முருகன் துணை". அதற்குச் சிவப்பில் ஒரு நிழல். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மயில். கீழே பிள்ளைகளின் பெயர்கள். மூலையில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவில், எழுதிய பெயிண்டரின் 'ஆர்ட்ஸ்' பெயர்.

அடுத்த வருடம் அதே வண்டி அதே ரோட்டில் போகும். புது பெயிண்ட் பளபளக்கும். பின் டோரில் அதே "முருகன் துணை" இருக்கும். ஆனால் அது கம்ப்யூட்டரில் அடித்து, மெஷினில் வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர். கல்யாணப் பத்திரிகையிலும், கறிக்கடை போர்டிலும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பார்த்த அதே எழுத்து. வாசகம் ஒன்றுதான், ஆனால் வண்டி வேறு யாருடையதோ போல ஆகிவிடும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் "ஸ்டிக்கர் வந்து பெயிண்டரைக் காலி பண்ணிடுச்சு" என்பது. பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், ஸ்டிக்கர் மெஷின் யாரையும் காலி செய்வதில்லை. அது கொடுத்ததை வெட்டும். பழைய எழுத்தைக் கொடுத்தால் பழைய எழுத்தையே வெட்டித் தரும். நாம்தான் கொடுப்பதில்லை. கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் முதலில் சுரண்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கடைக்கே போகிறோம்.

எஃப்.சி. என்னும் திருவிழா

சொந்த காருக்கும் சரக்கு வண்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் எஃப்.சி. எட்டு வருடம் வரை உள்ள சரக்கு வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, எட்டு வருடம் தாண்டிவிட்டால் வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதாவது வண்டி எவ்வளவு பழையதோ அவ்வளவு அடிக்கடி அதற்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

அந்தச் சில நாட்கள் வண்டி ஓடாது. ஓடாவிட்டால் வருமானம் இல்லை. அதனால் எல்லாமே அவசரம். டிங்கர் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுப்பார், புதுத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார். பெயிண்டர் பட்டி பார்ப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். பின் டோர் எழுத்து அந்த உப்புத்தாளில் பொடியாக உதிர்ந்து கீழே விழும். ஸ்ப்ரே அடித்துக் காய்ந்ததும்தான் உரிமையாளருக்கு எழுத்து ஞாபகம் வரும். ஸ்டிக்கர் கடைக்குப் போவார். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"என்னண்ணே எழுதணும்?"

"முருகன் துணை. பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும் தம்பி."

"பழசு எப்படிண்ணே இருந்துச்சு?"

அவ்வளவுதான். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. உரிமையாளர் கையைக் காற்றில் அசைத்து, "இப்படி வளைஞ்சு வரும் தம்பி, கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும்" என்பார். தம்பி தலையாட்டிக்கொண்டே நான்கு ஃபாண்ட் காட்டுவான். நான்கில் ஒன்றை இவரும் எடுத்துக்கொள்வார். வேறு வழி?

பத்து வருடம் தினமும் பார்த்த எழுத்துதான். ஆனாலும் ஒருவராலும் அதை ஞாபகத்திலிருந்து வரைந்து காட்ட முடியாது. பார்ப்பது வேறு, அளவு தெரிவது வேறு.

அமெரிக்காவில் கேட்லாக் இருக்கிறது, இங்கே?

பின் டோர் எழுத்து விஷயத்தில் அமெரிக்காக்காரர்கள் ரொம்பக் கறார். பழைய ஃபோர்டு, செவ்ரோலே, டட்சன், டொயோட்டா பிக்கப்களைச் சரிசெய்து ஓட்டுவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. அந்த வண்டிகளின் பின்கதவில் கம்பெனியின் பெயர் ஆளுயரத்திலிருந்து தெரிகிற மாதிரி பெரிதாக இருக்கும். பல மாடல்களில் அந்த எழுத்துகளைத் தகட்டிலேயே அச்சு அமுக்கி, மேலே வேறு கலர் கொடுத்திருப்பார்கள். பெயிண்ட் வெளுத்துப் போனால், அந்த மாடலுக்கும் வருடத்துக்கும் பொருந்துகிற அளவில் வெட்டிய வினைல் எழுத்துகள் செட்டாக விற்கின்றன. வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொன்னால் போதும்.

இங்கே நிலைமை வேறு. கல்வராயன் மலையில் ஓடும் பழைய வண்டிகளை எண்ணிப் பாருங்கள். மகேந்திரா ஜீப்கள். 1947-ல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வாங்கிப் பூட்ட ஆரம்பித்த கம்பெனியின் வாரிசுகள் அவை. பிறகு 1988-ல் வந்த டாடாமொபைல், அதன் வழியில் வந்த டாடா 207. 2000-க்குப் பிறகு பொலிரோ பிக்கப். 2005-ல் வந்த 'குட்டியானை' டாடா ஏஸ். இந்த வண்டிகளில் கம்பெனி பெயர் அழிந்தால் பெரிய நஷ்டமில்லை. எங்காவது அதே மாடல் இன்னொரு வண்டி நிற்கும், பார்த்து வெட்டிக்கொள்ளலாம். கம்பெனி எழுத்து ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

ஆனால் இந்த வண்டிகளின் பின் டோரில் முக்கியமான எழுத்து கம்பெனி எழுத்து அல்லவே! சொந்தக்காரர் எழுதச் சொன்னதுதான் முக்கியம். அது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எந்த நாட்டு கேட்லாகிலும் அது கிடைக்காது. சங்கராபுரத்திலோ சின்னசேலத்திலோ ஒரு பெயிண்டர் சாக்பீஸால் நூல் அடித்து, இடது கைக்கு ஒரு குச்சியை அண்டக் கொடுத்து, தட்டை பிரஷ்ஷால் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதியது. அந்த டோர் தகட்டின் அகலத்துக்கும், நடுவில் உள்ள மடிப்புக்கும், ஓரத்துக் கொக்கிக்கும் இடம் விட்டு எழுதியது. அதற்கு உதிரிபாகம் கிடையாது.

துணையின் கதை

தமிழ்நாட்டு வண்டிகளின் முதுகில் அதிகம் கண்ணில் படும் சொல் எது என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் 'துணை' என்று சொல்லிவிடுவார்கள். முருகன் துணை, மாரியம்மன் துணை, அல்லாஹ் துணை, ஏசு துணை, அப்பா அம்மா துணை. எல்லோருக்கும் துணை வேண்டியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் கூடுதலாகவே வேண்டியிருக்கிறது :)

இந்தச் சொல்லின் இரண்டாவது எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935 முதலே தன் பத்திரிகையில் பயன்படுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், பிறகு ணை, லை, ளை, னை. அதற்கு முன்னால் இந்த நான்கு ஐகார எழுத்துகளுக்கும் முன்னால் தனியாக இரட்டைச் சுழி போடுவதில்லை. எழுத்தோடு ஒட்டி, தலைக்கு மேல் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு போடுவார்கள். வீட்டில் பாட்டியின் பழைய கடிதங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இப்போது இந்தப் பகுதி வண்டிகளில் வரக்கூடிய சொற்களைக் கவனியுங்கள். துணை. வெள்ளிமலை. கல்வராயன்மலை. அண்ணாமலை. அன்னை. ஒவ்வொன்றிலும் மாறிய எழுத்து ஒன்றாவது இருக்கிறது. அண்ணாமலையில் இரண்டு!

அரசு ஆணை பாடப் புத்தகத்தை மாற்றியது. அச்சகத்தை மாற்றியது. பெயிண்டரின் கையை உடனே மாற்றவில்லை. 1978-க்கு முன் தொழில் கற்றவர்கள் பலர் அதற்குப் பிறகும் பழைய தும்பிக்கையைத்தான் போட்டார்கள். காரணம் பிடிவாதம் மட்டுமல்ல. தும்பிக்கை எழுத்து இடத்தை மிச்சப்படுத்தும், சொல்லின் முடிவில் மேலே எழும்பி ஒரு அலங்காரமாகவும் நிற்கும். புது 'ணை' பக்கவாட்டில் இடம் கேட்கும்.

இந்த எழுத்தை ஸ்டிக்கர் கடை கம்ப்யூட்டரில் தட்டிப் பாருங்கள். வராது. யூனிகோடில் பழைய 'ணை'க்கும் புது 'ணை'க்கும் ஒரே குறியீடுதான். எந்த வடிவத்தைக் காட்டுவது என்பது ஃபாண்டின் முடிவு. இன்றைய ஃபாண்டுகள் பெரும்பாலும் புது வடிவத்தைத்தான் காட்டும். ஆக, வண்டியின் பின்னால் இருந்த தும்பிக்கையைச் சுரண்டிவிட்டால், அதைத் திரும்பத் தட்டச்சு செய்து கொண்டுவர முடியாது. வரைந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்கு வரைந்த மாதிரி வேண்டும்.

வடிவம் மட்டுமல்ல, எழுத்துப் பிழைக்கும் கம்ப்யூட்டர் ஒரு காரணம். பல கடைகளில் கோரல் டிராவில் இன்னும் பாமினி போன்ற பழைய குறியீட்டு ஃபாண்டுகள்தான் ஓடுகின்றன. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் சரியாக அனுப்பிய வரியை அங்கே ஒட்டினால் கிறுக்கலாகத் தெரியும். அதனால் கடைப் பையன் மறுபடி கையால் அடிப்பான். அவசரத்தில் ஒரு புள்ளி விழுந்துவிடும், ஒரு 'ர' 'ா' ஆகிவிடும். அந்தப் பிழையோடு வண்டி அடுத்த எஃப்.சி. வரை ஊர் சுற்றும்.

மூன்று மாவட்டம் பார்த்த கதவு

பக்கவாட்டில் எழுதும் முகவரிக்கும் இதே விதிதான். கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஒரு குடும்பம் நாற்பது வருடமாக வண்டி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வண்டியில் "தென்னாற்காடு மாவட்டம்" என்று எழுதியிருப்பார்கள். 1993-ல் தென்னாற்காடு பிரிந்தது, "விழுப்புரம் மாவட்டம்" ஆனது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, முகவரி இரண்டு முறை மாறிவிட்டது. பட்டி பார்க்கும்போது கவனமாகத் தேய்த்தால் சில பழைய கதவுகளில் இந்த அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளியே வரும். ஒரு ஊரின் நிர்வாக வரலாறு ஒரு தகட்டில்! அதை ஒரு போட்டோகூட எடுக்காமல் உப்புத்தாளில் தேய்த்துத் தள்ளுவது எப்படி நியாயம்?

கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இதே மாவட்டத்துப் பக்கம் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு குகையில் ஒற்றை வரி இருக்கிறது. 1981-ல் வெளியே தெரிய வந்த தமிழி எழுத்து. அதியமான் நெடுமான் அஞ்சி அந்த இடத்தைத் தானமாகக் கொடுத்தான் என்பதுதான் அதன் செய்தி. யார், எதைக் கொடுத்தான் என்று சொல்லும் ஒரு வரி. அதை எழுதியவனும் பாறையின் அளவு பார்த்து, உளி பிடித்து எழுதிய ஒரு கைவேலைக்காரன்தான். கல் நின்றதால் வரி நின்றது. தகடு நிற்காது. அதனால்தான் படி எடுக்க வேண்டியிருக்கிறது.

வினைல் கெட்டதா?

இல்லை. ஆனால் எது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஸ்டிக்கர் வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக்தான். அதில் இரண்டு ஜாதி. ஒன்று, சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து நசுக்கி இழுத்துத் தயாரிப்பது. 'காலண்டர்ட்' என்பார்கள். விலை குறைவு. ஆனால் இழுத்துச் செய்ததால் அதற்குச் சுருங்கும் குணம் உண்டு. வெயிலில் நிற்க நிற்க மெல்லச் சுருங்கும். எழுத்தின் ஓரத்தில் பசை கோடு போல வெளியே தெரியும், அந்தப் பசையில் புழுதி ஒட்டிக் கறுப்புக் கரை கட்டும். இன்னொன்று, திரவமாக ஊற்றிக் காய வைத்து எடுப்பது. 'காஸ்ட்' வினைல். இன்னும் மெல்லியது, சுருக்கம் மிகக் குறைவு, வளைவு நெளிவுக்குப் படியும், கூடுதல் வருடம் உழைக்கும். விலையும் கூடுதல். சமமான தகட்டுக்கு முதல் வகை போதும் என்று சமாதானம் சொல்லலாம். அமுக்கிய எழுத்துக்கும் மடிப்பு உள்ள கதவுக்கும் இரண்டாவது வகைதான் சரி. 'ரேடியம்' என்று நம்மூரில் கேட்டு வாங்கும் ஒளிரும் ஸ்டிக்கர் இன்னும் தடிப்பு, மடிப்பில் உட்காராமல் எழும்பி நிற்கும். (அதில் ரேடியம் எதுவும் கிடையாது. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டைகளோதான்.)

அடுத்த தப்பு அவசரம். புது பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் உள்ளிருந்து தின்னர் ஆவி சில வாரங்களுக்கு வெளியேறிக்கொண்டே இருக்கும். முந்தின நாள் ஸ்ப்ரே அடித்து மறுநாள் ஸ்டிக்கர் ஒட்டினால் அந்த ஆவி எங்கே போகும்? ஸ்டிக்கருக்கு அடியில் கொப்புளமாக எழும்பும். எல்லோரும் "ஸ்டிக்கர் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பாவம், அவர் மேல் தப்பில்லை. எழுத்தை எஃப்.சி. முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்து ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? நம்பர் பிளேட்டும் பின்பக்கச் சிவப்பு ஒளிர்பட்டையும் இருந்தால் போதும். "முருகன் துணை" இல்லை என்று எந்த ஆய்வாளரும் வண்டியைத் திருப்பி அனுப்பப் போவதில்லை.

மூன்றாவது, பின் டோரின் வாழ்க்கை. அது சும்மா நிற்கிற கதவு அல்ல. மரவள்ளிக் கிழங்கு மூட்டையை இழுத்து இறக்கும்போது தேயும், கயிறு உரசும், சங்கிலி அடிக்கும், மழைக்காலத்தில் டயர் வாரி இறைக்கும் சேறு காய்ந்து கிடக்கும். ஸ்டிக்கரின் ஒரு முனை தூக்கினால் போதும், அடுத்த லோடில் முழு எழுத்தும் உரிந்து வரும். எனாமல் பெயிண்டோ தேயும், மங்கும், ஆனால் எழுத்தாகவே மங்கும். அரை வருடத்தில் "முருகன் து" என்று நிற்காது.

"லோடு வண்டிக்கு இவ்வளவு எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. மலையில் விளைந்ததை ஆத்தூர், சேலம் பக்கம் கொண்டுபோய் இறக்கி, டீசலுக்கும் டியூவுக்கும் போக மிச்சம் பார்க்கிற ஒருவரிடம் போய் எழுத்து அழகியல் பேசினால் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் கணக்குப் பார்த்தால் அவருக்குச் செலவாவது ஒரு பிளாஸ்டிக் ஷீட்டின் விலையும் ஒரு மணி நேரமும்தான். எழுத்துக்கு அவர் எப்படியும் காசு கொடுக்கத்தான் போகிறார். அதே காசுக்குத் தன் எழுத்தை வாங்கலாமே என்பதுதான் வாதம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. பழைய பெயிண்டரின் எழுத்தை நகல் எடுத்து மெஷினில் வெட்டினால், அந்தப் பெயிண்டருக்கு என்ன கிடைத்தது? ஃப்ளெக்ஸ் பேனர் வந்து அவர் பிழைப்பைப் பறித்தது, இப்போது அவர் கையெழுத்தையும் பறிப்பதா? இதற்கு நேர்மையான பதில்: அவர் இன்னும் தொழிலில் இருந்தால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். ஸ்டிக்கர் இரண்டாவது வழிதான். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார், கண் தெரியவில்லை, அல்லது ஆளே இல்லை என்னும்போதுதான் படி உதவும். அப்போதும் மூலையில் இருக்கும் 'ஆர்ட்ஸ்' பெயரை விட்டுவிடாமல் வெட்டி ஒட்ட வேண்டும். ஹனிஃப் குரேஷி 'ஹேண்ட்பெயின்டட் டைப்' என்ற திட்டத்தில் வடநாட்டுத் தெரு பெயிண்டர்களின் எழுத்தைக் கம்ப்யூட்டர் ஃபாண்டாக்கியபோது, ஒவ்வொரு ஃபாண்டுக்கும் எழுதியவரின் பெயரையே வைத்தார். அவர் 2024-ல் காலமானார். அந்தப் பெயர்கள் இருக்கின்றன. அந்த மரியாதை இங்கேயும் வேண்டும்.

மூன்றாவது, எல்லாப் பழைய எழுத்தும் காப்பாற்றத் தகுந்ததா? இல்லை. வண்டியை விலைக்கு வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் பெயரையும் போன் நம்பரையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பிளம்பர் ஒருவர் தன் ஃபோர்டு பிக்கப்பை மாற்றிக் கொடுத்தார். கதவில் இருந்த அவர் கம்பெனி பெயரும் போன் நம்பரும் போகவில்லை. 2014 டிசம்பரில் அந்த வண்டி சிரியா போர்க்களத்தில் பின்னால் பெரிய துப்பாக்கி பொருத்திய நிலையில் போட்டோவில் வந்தது. அவர் போன் ஓயவில்லை, மிரட்டல் வேறு. வழக்குவரை போனது. அதேபோல் சாதிப் பெருமை பேசும் வரிகள். அவற்றைச் சுரண்டும் உப்புத்தாளுக்கு நல்வாழ்த்துகள்.

செய்ய வேண்டியது என்ன?

வண்டி பட்டறைக்குப் போவதற்கு முந்தின நாள் பின் டோரைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். டைனிங் டேபிளுக்கு விரிக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைக் கதவு அளவுக்கு வாங்கி, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்ட வேண்டும். பெர்மனன்ட் மார்க்கரால் எழுத்தின் ஓரத்தை அப்படியே பின்பற்றி வரைய வேண்டும். நிழலை வேறு கலரில் வரைய வேண்டும். கதவின் நான்கு மூலைகளையும் மடிப்பையும் கொக்கியையும் குறிக்க மறக்கக் கூடாது. எழுத்து எங்கே உட்கார்ந்திருந்தது என்பதை அதுதான் சொல்லும்.

தகட்டில் அமுக்கிய எழுத்தாக இருந்தால் இன்னும் எளிது. மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் போதும். சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாள் வைத்துத் தேய்த்த அதே வித்தை. கல்வெட்டு ஆய்வாளர்கள் ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி மை தட்டி 'மைப்படி' எடுப்பதும் இதன் அண்ணன்தான்.

பழைய ஸ்டிக்கரே உரிந்து போயிருந்தாலும் முழுதாக மனம் தளர வேண்டாம். ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால் பெயிண்ட் வெளுக்காமல் இருக்கும். எழுத்தின் தழும்பு கண்ணுக்குத் தெரியும். அதன் மேலும் ஷீட் போட்டு வரையலாம்.

போட்டோ எடுப்பவர்கள் நேர் எதிரே, டோரின் நடு உயரத்தில் போனை வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று எடுக்க வேண்டும். டோரோடு ஒரு ஸ்கேலையும் ஒட்டி வைத்து எடுத்தால் அளவு கிடைக்கும். மேலிருந்து சாய்த்து எடுத்த போட்டோவில் எழுத்து கீழே குறுகிவிடும். போட்டோ ஷீட்டுக்குத் துணைதானே தவிர மாற்று அல்ல. பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஷீட்டை வெள்ளைத் துணியின் மேல் விரித்துப் படம் எடுத்தால் கோரல் டிராவில் ஏற்றி எழுத்தின் கோடு பிடித்துவிடலாம். கம்ப்யூட்டர் தானாகப் பிடித்த கோடு கொஞ்சம் பிசிறாக இருக்கும். கடைப் பையன் உட்கார்ந்து வளைவுகளைச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் நேரம் ஆகும், கூடுதல் காசு கேட்பான், கொடுக்கத்தான் வேண்டும்.

இதற்கு மேலும் ஒரு வழி உண்டு. இருப்பதில் அதுவே சிறந்தது என்று சொல்லலாம். மெஷினில் வெட்டிய வினைலில் எழுத்தை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள ஓட்டையைக் கதவில் ஒட்டுவது. அதாவது ஸ்டென்சில். அந்த ஓட்டைக்குள் பெயிண்டர் எனாமல் அடிக்கிறார். முக்கால் காய்ச்சலில் வினைலை உரித்துவிட்டு, நிழலையும் பூவையும் கையால் முடிக்கிறார். அளவு பழையது, வடிவம் பழையது, எழுத்து பெயிண்ட், கயிறு உரசினாலும் உரியாது. ஸ்டிக்கர் கடைக்கும் வேலை, பெயிண்டருக்கும் வேலை. இருவரில் யார் யாரை ஒழித்தார் என்ற சண்டைக்கே இடமில்லை.

வேலை முடிந்ததும் அந்த ஷீட்டைச் சுருட்டி, ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸும் இருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். அடுத்த எஃப்.சி.க்கு எடுத்துக்கொள்ளலாம். வண்டியே ஒருநாள் காயலான் கடைக்குப் போனால், அடுத்த வண்டியின் பின் டோருக்கு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய ஜீப், பிக்கப் வைத்திருப்பவர்கள் எஃப்.சி. தேதி எப்போது என்று இன்றைக்கே கேளுங்கள். பெயிண்ட் பட்டறையில் கூட்டம் அதிகம், வண்டியை விட்ட அன்றே தேய்த்துவிடுவார்கள். மார்க்கரும் ஷீட்டும் அதற்கு முந்தின நாளே கையில் இருக்கட்டும்.